டேங்கில் ஊற்றும் கிளீனர்: எந்தக் காருக்கு எது, எந்தக் காருக்கு எதுவுமே வேண்டாம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஊரின் உதிரிபாகக் கடைக்குப் போனாலும், டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்கள் கண்ணில் படும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. காரை சர்வீஸுக்கு விட்டால் பில்லில் ‘ஃபியூயல் அடிட்டிவ்’ என்று தனியாக ஒரு வரி வருகிறது. இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிய விவாதம் 2025-இல் சூடுபிடித்த பிறகு பாட்டில்களின் மேல் புதிய வாசகங்களும் ஏறிக்கொண்டன: எத்தனால் பாதிப்பைத் தடுக்கும், இழந்த மைலேஜை மீட்கும், பழைய இன்ஜினைப் புதிதாக்கும்.

இந்தப் பாட்டில்களில் நல்ல சரக்கு உண்டு. ஆனால் அது செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். எரிபொருள் தொட்டுச் செல்லும் இடங்களில் படிந்திருக்கும் பிசினையும் கரியையும் கரைத்து எடுக்கும். படிவு இல்லாத காருக்கு அதனால் பயனில்லை. படிவு இருந்தும் அது எரிபொருள் போய்ச் சேராத இடத்தில் இருந்தால் அங்கும் பயனில்லை. எந்தப் பாட்டில் வாங்குவது என்பதற்கு முன்னால், காரின் கோளாறு இந்த வகையைச் சேர்ந்ததுதானா என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

## படிவு எங்கே, எப்படி உண்டாகிறது

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் ஒலிஃபின் எனப்படும் வகை, சூட்டிலும் காற்றிலும் நிலைத்து நிற்பதில்லை. ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகிறது. பிசின் வார்னிஷாக இறுகுகிறது. மேலும் சூடுபட்டால் கரியாகிறது. பால் காய்ச்சும் பாத்திரத்தில் அடிபிடிப்பது போலத்தான், மெல்லிய படலம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் (இவற்றில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படும்), பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் படிவு சேர்வது பெரும்பாலும் வண்டி ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. ஓடும்போது புதிய பெட்ரோல் இடைவிடாமல் வந்து முனையைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியதும் பெட்ரோல் வரத்தும் நின்றுவிடுகிறது, குளிர்நீர் சுழற்சியும் நின்றுவிடுகிறது. இன்ஜினில் தேங்கிய சூடு மேலேறி, முனையில் ஒட்டியிருக்கும் கடைசித் துளியை வேகவைக்கிறது. ஆகவே ஒரே மூச்சில் முப்பது கிலோமீட்டர் ஓடும் காரைவிட, அதே முப்பது கிலோமீட்டரைப் பத்துத் துண்டுகளாக ஓடும் காரில் படிவு அதிகம்.

குமரி மாவட்டத்தின் ஊர் அமைப்பு இதற்குத் தோதாகவே இருக்கிறது. ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து வடசேரி சந்தை, பிறகு கோட்டாறு, மாலையில் ஒரு கல்யாண வீடு என்று ஓடும் காருக்கு ஒவ்வொரு பயணமும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலங்கள் வந்த பிறகும், தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை ஊர்ந்து போக வேண்டிய நேரங்கள் நிறைய. சூடான இன்ஜினை அடிக்கடி அணைத்து ஏற்றும் இந்தப் பழக்கம், ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரிலும் படிவைக் கொண்டுவந்துவிடும்.

படிவு சேரும் இடங்கள் நான்கு:

1. இன்ஜெக்டர் முனை. துளைகள் மிகச் சிறியவை. கொஞ்சம் அடைத்தாலும் பெட்ரோல் தூவானமாகச் சிதறாமல் கோடாக வடியும். காலை ஸ்டார்ட்டிங் தாமதம், ஐடிலிங்கில் நடுக்கம், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணத் தயக்கம் எல்லாம் இதனால் வரலாம்.

2. எரிஅறைக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் பின்புறம். இங்கே சேரும் கரி நுரைக்கல்லைப் போன்ற நுண்துளைகள் கொண்டது. தெளித்த பெட்ரோலை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு விடுவதால் கலவை நிலையாக இருப்பதில்லை.

3. எரிஅறையும் பிஸ்டன் தலையும். இங்கே கரி தடித்தால் அறையின் கொள்ளளவு சுருங்கி அழுத்தம் கூடுகிறது. மேட்டில் ஏறும்போது கடகடவென்று தட்டும் சத்தம் வரலாம்.

4. திராட்டில் பாடி. காற்று நுழையும் வாசல் இது. ஐடிலிங் ஏறி இறங்குவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இங்கே படியும் எண்ணெய்ப் பிசுக்குதான். ஆனால் பெட்ரோல் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. டேங்கில் எவ்வளவு விலையுயர்ந்த கிளீனரை ஊற்றினாலும் இதில் ஒரு துளி படாது. குழாயைக் கழற்றி, அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயால் துடைப்பதுதான் வழி.

நான்காவதை மூன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் ‘கிளீனர் ஊற்றியும் சரியாகவில்லை’ என்ற புகார் இவ்வளவு வருகிறது. ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும், இக்னிஷன் காயில் பலவீனமானாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் இதே அறிகுறிகள்தான் தெரியும். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்து, இன்ஜின் மிஸ்ஸிங் அடிப்பதும் உண்டு. அதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை.

## பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

பாட்டிலில் பெரும்பகுதி, மண்ணெண்ணெயை ஒத்த ஒரு கரைப்பான்தான். வேலை செய்யும் பொருள் அதில் கரைந்திருக்கும் சிறு பங்கு. பெட்ரோல் கிளீனர்களில் முக்கியமான செயல்பொருள்கள் இரண்டு.

பாலிஐசோபியூட்டிலீன் அமீன் (சுருக்கமாக பிஐபிஏ) பழையது, விலை குறைந்தது. இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் எரிஅறையின் சூட்டில் முழுதாக எரிந்து போகாமல், அங்கே அதுவே கொஞ்சம் படிவைச் சேர்க்கக்கூடும்.

பாலியீதர் அமீன் (பிஇஏ) அடுத்தது. 1980களில் அமெரிக்காவின் ஷெவ்ரான் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் மூலக்கூற்றில் நைட்ரஜன் உள்ள ஒரு முனை கரியைப் பற்றிக்கொள்கிறது. நீண்ட மறுமுனை பெட்ரோலில் கரைகிறது. இரண்டும் சேர்ந்து படிவைத் துகள் துகளாகப் பெயர்த்து எரிஅறைக்கு அனுப்பிவிடுகின்றன. கடும் சூட்டையும் தாங்குவதால் எரிஅறைக் கரியையும் இது குறைக்கும். படிவு ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்றால் பிஇஏ உள்ள பாட்டிலுக்குத்தான் காசு கொடுக்கத் தகும் என்பது என் கருத்து.

அளவிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. படிவு சேராமல் தடுக்கச் சிறிதளவு போதும். அது எப்போதும் பெட்ரோலோடு வந்துகொண்டிருக்க வேண்டும். சேர்ந்துவிட்ட படிவைக் கரைக்க அதைப்போலப் பல மடங்கு அளவு ஒரே டேங்கில் வேண்டும். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் படிவு தடுக்கும் சேர்மானம் கட்டாயம். அந்த அளவு போதாது என்று கருதிய பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004-இல் ‘டாப் டியர்’ என்ற கூடுதல் தரத்தை வகுத்தன. நம் ஊர் பங்க்குகளில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் ஸ்பீட், பவர், எக்ஸ்பி95 போன்றவற்றில் இருப்பதும் இந்தத் தடுக்கும் அளவுதான். கடைப் பாட்டிலில் இருப்பது கரைக்கும் அளவு. ஆண்டு முழுவதும் விலை கூடிய பெட்ரோலையே போடுகிறவர் பாட்டிலையும் வாங்குவது பெரும்பாலும் இரட்டைச் செலவு.

ஆக்டேன் கூட்டும் பாட்டில்கள் இந்த வகையில் சேராதவை. எரிபொருள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் குறிக்கிறது. அந்த எண் கூடுவதால் எதுவும் சுத்தமாகாது. சில ஆக்டேன் பூஸ்டர்களில் மாங்கனீஸ் சேர்மமோ, ஃபெரோசீன் எனும் இரும்புச் சேர்மமோ இருக்கும். உலோகம் எரிந்து மறையாது. ஸ்பார்க் பிளக்கில் செம்பழுப்பாகப் படிந்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் போய் உட்காரும். ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ஆம் ஆண்டில் நாட்டிலிருந்தே விலக்கியாயிற்று. இன்னொரு உலோகத்தை நம் கையாலேயே ஊற்ற வேண்டியதில்லை.

## உங்கள் காரில் எந்த வகை இன்ஜின்

1. போர்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல். வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10, அமேஸ், டியாகோ என்று நம் சாலைகளில் அதிகம் தென்படும் பெட்ரோல் கார்கள் இந்த வகை. பெட்ரோல் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படுவதால், கிளீனர் முதல் மூன்று இடங்களுக்கும் போய்ச் சேரும். டேங்க் கிளீனரால் முழுப் பயன் பெறக்கூடியவை இவையே.

2. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, ஹூண்டாயின் டி-ஜிடிஐ, மாருதியின் பூஸ்டர்ஜெட் ஆகியவை. இவற்றில் பெட்ரோல் நேராக எரிஅறைக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வை அது நனைப்பதே இல்லை. இன்ஜின் ஆயிலின் ஆவி வால்வில் போய்க் கரியாகும். அதைக் கழுவ ஆளில்லை. டேங்க் கிளீனர் இங்கே இன்ஜெக்டருக்கும் எரிஅறைக்கும் மட்டும் உதவும். அந்த உதவி சிறியதல்ல. இன்ஜெக்டர் முனை நெருப்புக்குள்ளேயே இருப்பதால் படிவும் வேகமாகச் சேரும். ஆனால் வால்வுக் கரியை எடுக்க, காற்றைக் கொண்டுவரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை வேகமாகப் பாய்ச்சித் தேய்த்தெடுக்க வேண்டும். ‘வால்வையும் சுத்தம் செய்யும்’ என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தால், அது முதல் வகைக் கார்களுக்குச் சொன்னது.

3. சிஎன்ஜியும் பெட்ரோலும் உள்ள கார். எப்போதும் காஸில் ஓடினால் பெட்ரோல் இன்ஜெக்டர் வேலையில்லாமல் சூட்டில் கிடக்கும். டேங்கில் உள்ள பெட்ரோல் பழசாகும். வாரம் ஒருமுறையாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுவதும், டேங்கில் கொஞ்சமாக, ஆனால் புதிதாக வைத்திருப்பதும் எந்தப் பாட்டிலைவிடவும் நல்லது.

4. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகள். கழற்றிக் கழுவுவது எளிது, மலிவு. பாட்டில் தேவையில்லை.

## இ20-க்கு எதிராகப் பாட்டில் என்ன செய்யும்

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுவதும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தில் நிரப்பினாலும் இதே கலவைதான்.

மைலேஜ் ஏன் குறைகிறது என்பது எளிய கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது; ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ 21. எண்பது பங்கு பெட்ரோலும் இருபது பங்கு எத்தனாலும் சேர்ந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மெகாஜூல். சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆறு முதல் ஏழு சதவீதம் குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதற்கு ஒத்துப்போகிறது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் (பத்து சதவீத எத்தனால்) சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும் குறையும் என்று அது சொன்னது. பின்னதில் குறைவு இவ்வளவு சிறிதாக இருக்கக் காரணம், எத்தனாலின் உயர்ந்த ஆக்டேனை அந்த இன்ஜின்கள் பயன்படுத்திக்கொள்வதும், ஒப்பீடு இ10-லிருந்து தொடங்குவதும்.

இப்போது பாட்டிலைப் பார்ப்போம். 35 லிட்டர் டேங்கில் ஏழு சதவீதம் என்பது கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல். பாட்டிலின் மொத்தக் கொள்ளளவே 300 மில்லி. அதிலுள்ள ஒவ்வொரு துளியும் எரிந்தாலும் இந்த இழப்பில் எட்டில் ஒரு பங்குகூடத் திரும்ப வராது. இன்ஜெக்டர் அடைத்திருந்த காரில் கிளீனர் ஊற்றிய பிறகு மைலேஜ் ஏறினால், அது அடைப்பால் இழந்த மைலேஜ்; எத்தனாலால் இழந்தது அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டி விற்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. மாதச் சம்பளத்தில் கார் வைத்திருக்கும் குடும்பம், தீராத ஒன்றைத் தீர்க்க ஒவ்வொரு டேங்குக்கும் பணம் கொடுக்கிறது.

ரப்பர் பாகங்களின் விஷயமும் அப்படித்தான். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் இ20-இல் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்களையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கூறியது. உப்பிப்போன ரப்பர் குழாயைப் பாட்டில் சுருக்காது. பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, குழாய் தொட்டால் மெத்தென்று இருக்கிறதா, இணைப்பில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து மாற்றுவதுதான் வேலை.

## மழைத் தண்ணீரும், வெளிநாடு போன வீட்டுக் காரும்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. தரைக்கடியில் உள்ள பங்க் தொட்டியிலோ, மூடி சரியில்லாத நம் டேங்கிலோ தண்ணீர் இறங்க இடம் கிடைத்தால் எத்தனால் அதை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவு வரை இது நல்லதுதான். தண்ணீர் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இ10 பெட்ரோல் ஏறத்தாழ அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும்; இ20 அதைவிட அதிகம். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து என்பதால், பிரிந்துவிட்டால் இன்ஜினுக்குப் போவது முதலில் அந்தத் தண்ணீர்க் கலவைதான்.

தண்ணீர் நீக்கும் பாட்டில்களில் இருப்பது பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 35 லிட்டர் இ20-இல் ஏற்கெனவே ஏழு லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. மேலும் இருநூறு மில்லி சேர்த்து என்ன ஆகப்போகிறது? தண்ணீர் பிரிந்துவிட்ட டேங்கை வடித்துக் கழுவத்தான் வேண்டும். அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வது நல்லது.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் போன்ற கலப்படம் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு துளியைத் தாளில் விடுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் காய்ந்தால் சரி. எண்ணெய்க் கறை வட்டமாக நின்றால் கலப்படம். தண்ணீரை இந்தச் சோதனை காட்டாது.

இன்னொன்று, இந்த மாவட்டத்தில் ஏராளமான வீடுகளுக்குப் பொருந்துவது. வீட்டுக்காரர் வளைகுடாவிலோ கப்பலிலோ இருப்பார். கார் உறை போர்த்தி மாதக்கணக்கில் நிற்கும். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி மெல்ல வெளியேறும், மிச்சம் பிசினாகும். இங்கே வேண்டியது கிளீனர் அல்ல, ஸ்டெபிலைசர். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தாலும் வேலை வேறு. ஸ்டெபிலைசரில் பெட்ரோல் கெடாமல் காக்கும் பொருள்கள் இருக்கின்றன. புதிய பெட்ரோல் நிரப்பும்போதே ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, இன்ஜெக்டர் வரை கொண்டுசேர்த்துவிட்டு நிறுத்த வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்காது. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் எந்தப் பாட்டிலும் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கன்னியாகுமரி வரை போய்வந்தால் பெட்ரோல், பேட்டரி, டயர் மூன்றுக்கும் நல்லது. பல மாதம் நின்ற காரில் ஊர் வந்த அன்றே கிளீனரை ஊற்ற வேண்டாம். பழைய பெட்ரோலை வடித்து, புதியதில் ஒரு டேங்க் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் நடுக்கம் இருந்தால் அப்போது பார்க்கலாம்.

## டீசல் காருக்கு

பெட்ரோல் கிளீனரை டீசலில் ஊற்றக் கூடாது. டீசல்தான் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு. கரைப்பான் அந்த வழுவழுப்பைக் குறைத்துவிடும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். இன்ஜெக்டர் துளையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. தேய்மானத்தை அவை பொறுக்காது. டீசலுக்கென்று தனியாக உள்ள கிளீனர்களையே வாங்க வேண்டும். சீட்டேன் (டீசல் எளிதில் தீப்பற்றும் திறனைக் குறிக்கும் எண்) கூட்டும் பொருள் சேர்ந்திருந்தால் காலை ஸ்டார்ட்டிங் கொஞ்சம் மென்மையாகும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. இதன் விளக்கு எரிந்தால் ஊருக்குள் சுற்றிக்கொண்டே பாட்டிலைத் தேடுவது வீண். காவல்கிணற்றுக்கு அப்பால் நான்குவழிச் சாலையில், கையேடு சொல்லும் வேகத்தில், நிறுத்தாமல் இருபது நிமிடம் போல ஓட்டினால் பெரும்பாலும் அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். விளக்கு அணையாவிட்டால் வொர்க்‌ஷாப். யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் உள்ள கார்களில், அந்த வாயில் வேறு எதையும் ஊற்றிவிடக் கூடாது.

## லேபிளில் பார்க்க வேண்டியவை

1. பெட்ரோலுக்கா, டீசலுக்கா. ‘இரண்டுக்கும்’ என்றால் வைத்துவிடுங்கள்.

2. செயல்பொருளின் பெயர். பிஇஏ என்றோ பாலியீதர் அமீன் என்றோ இருக்க வேண்டும். லேபிளில் இல்லையென்றால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள பாதுகாப்புத் தரவுத் தாளில் பாருங்கள். ‘ஜெர்மன் தொழில்நுட்பம்’ என்பது செயல்பொருளின் பெயர் அல்ல.

3. எத்தனை லிட்டருக்கு. 300 மில்லி பாட்டில் 75 லிட்டருக்கு என்று போட்டிருந்தால், ஸ்விஃப்ட்டின் 37 லிட்டர் டேங்குக்குப் பாதி பாட்டில் போதும்.

4. ஆக்சிஜன் சென்சாருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும், டீசலானால் டிபிஎஃப்புக்கும் பாதுகாப்பானது என்ற உறுதி.

5. இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை. இவை இல்லாத பாட்டிலைச் சட்டப்படி விற்கவே முடியாது.

வாரண்டி உள்ள காரானால் கையேட்டையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். 20,000 கிலோமீட்டருக்குள் உள்ள, குறையொன்றும் இல்லாமல் ஓடும் காருக்கு நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அதைத் தாண்டிய போர்ட் இன்ஜெக்‌ஷன் காருக்கு, குறும்பயணமே அதிகமானால், ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

## ஊற்றுவதும் அளப்பதும்

டேங்க் கிட்டத்தட்டக் காலியானதும் முதலில் கிளீனர், அதன் மேல் பெட்ரோல். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்த டேங்க் முழுவதையும் சில நாட்களுக்குள் ஓட்டித் தீர்ப்பது நல்லது. திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகவேண்டிய வாரமாகப் பார்த்து ஊற்றலாம். கிளீனரில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கும் என்பதால், ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்னால் ஊற்றுவதே சரியான நேரம்.

பலன் தெரிய வேண்டுமானால் மீட்டரில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். ஒரே பங்க்கில், குழாய் முதல் தடவை தானே நிற்கும் வரை நிரப்பி, 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, மறுபடி அதேபோல் நிரப்பி வகுத்துப் பாருங்கள். 340 கிலோமீட்டருக்கு 22 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 15.5. ஊற்றும் முன் ஒரு டேங்க், ஊற்றிய டேங்க் தீர்ந்த பின் ஒரு டேங்க். ஆரல்வாய்மொழி வழியாகப் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று, கிழக்கே போகும் காரைத் தள்ளும், நாகர்கோவிலுக்குத் திரும்பும் காரைத் தடுக்கும். ஒருவழிக் கணக்கு போட்டால் கிளீனருக்குச் சேராத புகழோ பழியோ அதற்கு வந்துவிடும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ‘லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம்’ எண்ணை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் கேட்கலாம். இன்ஜெக்டர் குறைவாகத் தெளித்தால் கம்ப்யூட்டர் அதை ஈடுகட்டக் கூடுதல் நேரம் திறக்கும். அந்தக் கூடுதல்தான் இந்த எண். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் இருந்தால் அடைப்பு இருக்கலாம். காற்றுக் கசிவும் பலவீனமான பம்ப்பும் இதே எண்ணைக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

## வொர்க்‌ஷாப்பில் ‘இன்ஜெக்டர் கிளீனிங்’ என்றால்

இந்த ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன: டேங்கில் பாட்டில் ஊற்றுவது; பெட்ரோல் பம்ப்பை நிறுத்திவிட்டு, கிளீனர் நிரப்பிய கேனை நேராக ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) இணைத்து இன்ஜினை ஓடவிடுவது; இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுப்பது. மூன்றின் செலவுக்கும் இடையே வெகு தூரம். எது என்று கேட்டு, பில்லில் அதையே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு தரமான கிளீனரை முழு டேங்கில் ஓட்டியும் நடுக்கம் தீரவில்லை என்றால் இரண்டாவது பாட்டில் வாங்காமல், மூன்றாவது வேலைக்குப் போகலாம். அங்கே கழற்றிய இன்ஜெக்டர்களை ஒரு மேசையில் வரிசையாகப் பொருத்தி, ஒரே நேரம் தெளிக்கவிட்டு, கீழே அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாய்களில் பிடிப்பார்கள். சுத்தம் செய்வதற்கு முன்பே அந்தச் சோதனையை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு குழாயில் மட்டம் தாழ்ந்திருந்தால் அந்த இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது. நான்கிலும் மட்டம் ஒன்றாக நின்று, தூவானமும் சீராக இருந்தால், இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு இக்னிஷன் காயிலையும் பம்ப் அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.